அத்தாவின் இரட்டைச் சிறகு விமானம்

செம்பட்டியில் காருக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறையைக் கடந்தபோது தின்னர் வாடை அடித்தது. ஒரு காலத்தில் எங்கள் மாடியறையிலும் இதே வாடைதான். அத்தா அங்கே பல மாதம் உட்கார்ந்து, மரச்சட்டத்தில் பட்டுத்துணி ஒட்டி, அதன்மேல் தின்னர் கலந்த வார்னிஷ் பூசி, பழங்கால இரட்டைச் சிறகு விமானத்தின் மாதிரி ஒன்றை ரிமோட்டில் பறக்கும்படி செய்தார்.

அவர் ரிமோட்டும், அவரைப் போலவே விமானம் விடும் அவருடைய தம்பியான சின்னத்தாவின் ரிமோட்டும் ஒரே அலைவரிசை. ஒருவர் பறக்கவிடும்போது மற்றவர் ஆன் செய்தால் விமானம் கட்டுப்பாட்டை இழந்துவிடும். அகரம் பொட்டலில் அத்தாவின் விமானம் முதன்முதலாக மேலேறியபோது சின்னத்தா தன் ரிமோட்டை ஆன் செய்துவிட்டார். விமானம் தலைகுப்புற விழுந்து நொறுங்கியது.

“பேட்டரி இருக்கான்னுதான் பாத்தேண்ணே.”

“இருக்கா?” என்று கேட்டுவிட்டு அத்தா துண்டுகளைப் பொறுக்கினார்.

சின்னத்தா பிறகு பொட்டலுக்கு வரவே இல்லை. அன்று அத்தா நன்றாக ஏசியிருந்தால் மறுவாரமே வந்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.