கேட்டபோது சொல்லாத குளிசை

மகளுக்குத் தும்மல் வராமலிருக்க இரவில் ஒரு குளிசை கொடுப்பது எங்கள் வீட்டில் பல் துலக்குவது போல. ஊரில், நிலாவெளி டொக்டர் மருந்தின் பெயர் எழுதாத வெள்ளை உறையில் போட்டுத் தருவார்.

போன மாதம் அவளுக்குச் சைனஸில் கிருமி தொற்றிக் காய்ச்சல் வந்தது. நகரத்தில் வேறொரு டொக்டரிடம் காட்டினேன்.

"வேற மருந்து ஏதும் எடுக்கிறவவா?"

"இல்லை டொக்டர்."

தினமும் கொடுப்பதை நான் மருந்தாகவே நினைக்கவில்லை. அன்டிபயோட்டிக்கும் மூக்குக்கு ஸ்ப்ரேயும் இரவுக்கு ஒரு குளிசையும் தந்தார். பழையதையும் சேர்த்தே கொடுத்தேன்.

காய்ச்சல் விட்ட காலை, மகள் சைக்கிளில் வகுப்புக்குப் போனாள். சற்று நேரத்தில் வாசலில் ஓர் ஓட்டோ நின்றது. முன்பின் தெரியாத பெண்ணொருவர் அவளைத் தாங்கி இறக்கினார்.

"பயப்படாதீங்க தங்கச்சி. பிள்ளை நித்திரை தூங்கித் தூங்கிச் சைக்கிள் ஓடினது. பின்னால பஸ். நான் பாய்ஞ்சு சைக்கிளப் புடிச்சிட்டன்."

எல்லா உறைகளையும் அள்ளிக்கொண்டு நகரத்து டொக்டரிடம் ஓடினேன். அவர் மேசையில் கொட்டினார். பழைய உறையிலும் அவர் தந்த உறையிலும் ஒரே சின்ன மஞ்சள் குளிசை.

"இது நித்திரை வரப்பண்ணும் அம்மா. ஒண்டு போதும். நித்திரை முழுசாத் தெளியும்வரை சைக்கிள் வேண்டாம். அன்டிபயோட்டிக்கை மட்டும் இடையில நிப்பாட்டாதீங்க, ஸ்ப்ரேயும் அடிக்கலாம்."

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இப்போது டொக்டர் கேட்குமுன்பே எல்லா உறைகளையும் மேசையில் வைத்துவிடுகிறேன். ஆனாலும் மகளின் சைக்கிள் மணி கேட்கும்வரை வாசலை விட்டு உள்ளே போக என்னால் முடிவதில்லை.