நான் படிக்காத வசனம்

தையல் கம்பெனியில் என் அக்காவுக்கு லென்ஸ் என்று பெயர். தைத்து முடித்த சட்டைகளைப் பார்த்துப் பழுது சொல்வது அவள் வேலை. ஒரு தையல் விட்டுப்போயிருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. மெஷினில் உட்கார்ந்திருந்த எனக்குத் தங்கை என்ற சலுகையெல்லாம் கிடையாது. மற்றவர்கள் சட்டை ஒருமுறை திரும்பி வந்தால் என்னுடையது இரண்டுமுறை வரும்.

அந்தக் கண்ணுக்குத்தான் நோய் வந்தது. உள்ளே அழுத்தம் கூடி, முதலில் ஓரங்கள் இருண்டன, பிறகு நடுவும் மங்கியது. போன பார்வை போனதுதான் என்று டாக்டர் சொன்ன வாரம், ஞாயிறு ஆராதனை முடிந்ததும், ஜெபக்கூடத்து வாசலில் இருந்த வாக்குத்தத்தப் பெட்டிக்குள் அக்கா கையை விட்டாள். அதில் ஒவ்வொரு அட்டையிலும் வேதத்திலிருந்து கடவுளின் வாக்குறுதி ஒன்று அச்சடித்திருக்கும். ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"என்ன சொல்றார், படி."

முதல் சொல்லே குருடர் என்று இருந்தது. அந்த வார்த்தையை அவள் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. மனப்பாடமாகத் தெரிந்த வேறொரு வசனத்தைச் சொல்லிவிட்டேன். நோயை நீக்கிச் சுகம் தருவேன் என்று வருவது. அக்கா அட்டையைக் கண்களில் ஒற்றிக்கொண்டு பர்சுக்குள் வைத்தாள்.

ஒரு நாளைக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னேன். அது மூன்று வருடம் ஓடியது.

கம்பெனியில் அவள் வேலை போகவில்லை. விரலால் தடவியே பழுதைச் சொன்னாள். சூப்பர்வைசருக்கே வாயடைத்துப்போனது. காலையும் மாலையும் நான் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். மாடிப்படி பதினான்கு, சந்து, குழாயடி, மெயின் ரோடு, பஸ். பார்வையற்றவர்களுக்குக் கோல் பிடித்து நடக்கக் கற்றுத்தரும் பயிற்சி மையம் ஒன்று இருந்தது. போகலாம் என்று கூப்பிட்டால், "கண்ணே வரப்போகுது, கோல் எதுக்கு?" என்று பர்சைத் தட்டிக் காட்டுவாள். உபவாசம் இருந்தாள். கண் வரவில்லை. கடைசியில், "என் விசுவாசத்துலதான் ஏதோ குறை" என்று தலையணையில் முகம் புதைத்து அழத் தொடங்கினாள். பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு அது குறுகுறுக்கவில்லை, அறுத்தது. கடவுள் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவார் என்று நம்பாதவள் நான்தான். அதனால்தானே அவருக்குப் பதிலாக நானே வாக்குக் கொடுத்தேன்?

போன மாதம் என்னை மாலை ஷிப்டுக்கு மாற்றினார்கள். திங்கட்கிழமை முதல் மாலையில் அக்காவை வீட்டுக்குக் கூட்டிவர ஆளில்லை. தனியாக நடக்கக் கற்றுக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் வேலையை விட வேண்டும். அவளோ மையத்துக்கு வரமாட்டேன் என்றாள், அதே அட்டையைக் காட்டி.

சனிக்கிழமை மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்தக் கார்டைக் குடு."

"எதுக்கு? மனப்பாடமாவே தெரியுமே."

"தெரியாதுக்கா. நான் சொன்னது அதுல இல்ல."

தலையணை உறை அவள் கையில் அப்படியே நின்றது. அட்டையை வாங்கி, மூன்று வருடம் கழித்து, முழுவதுமாகப் படித்தேன். குருடரை அவர்களுக்குத் தெரியாத வழியில் தானே நடத்திப்போவதாகவும், அவர்களைக் கைவிடுவதில்லை என்றும் இருந்தது.

"திரும்பப் படி" என்றாள். படித்தேன்.

"மூணு வருஷம்டி. எனக்கு விசுவாசம் இல்லைன்னு என்னையே திட்டிக்கிட்டுக் கெடந்தேன். நீ பாத்துட்டே இருந்தியா?"

"தினமும் சொல்லிடணும்னு தோணும்க்கா. பயமா இருந்துச்சு."

"யாருக்குப் பயந்தே? எனக்கா, அவருக்கா?"

அட்டையை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

மறுநாள் ஜெபக்கூடத்துக்கு என் கையைப் பிடித்துத்தான் வந்தாள். அவளுக்கு வேறு வழியில்லை. திரும்பி வரும்போது குழாயடியில் நின்றாள்.

"தெரியாத வழின்னு போட்டிருக்குல்ல? பார்வை போனப்புறம் இந்த வழியெல்லாம் எனக்குத் தெரியாத வழிதான். ஒரு நாளாவது விழுந்தேனா? அவர் சொன்னதைச் செஞ்சுக்கிட்டுத்தான் இருந்திருக்கார். அதுவும் உன் கையை வச்சே. நீதான் எனக்குப் படிச்சுக் காட்டல."

"என்னை மன்னிச்சிட்டியாக்கா?"

"இன்னும் இல்ல. முதல்ல அந்த மையத்துக்குப் போன் போடு."

கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு நான்கு வாரம் மையத்துக்குப் போனாள். இந்தத் திங்கட்கிழமை காலையில் வெள்ளைக்கோலோடு தனியாக வேலைக்குக் கிளம்பினாள். எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. பத்தடி விட்டுப் பின்னாலேயே போனேன். சந்து தாண்டினாள், குழாயடியும் தாண்டினாள். மெயின் ரோட்டு முனையில் நின்று, திரும்பாமலே சொன்னாள்:

"உன் செருப்புச் சத்தம் எனக்குத் தெரியாதா? முன்னால நடத்திட்டுப் போறவர் இருக்கார். நீ வீட்டுக்குப் போய்த் தூங்குடி."