கருந்தேளுக்குக் கைதட்டிய சாவிக்காரம்மா

பிடித்துப்போன ஒருவரை ஊரார் முன்னால் தொண்டை கிழியத் திட்டுவது பாசத்தில் சேருமா?

என்னிடம் இதைக் கேட்டவர் சாவிக்காரம்மா. பதிலைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்டார். அந்தப் பதில் அவருக்கு எப்படிக் கிடைத்தது என்பதுதான் இந்தக் கதை.

பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்தில் ஒரு கட்டில் அகலத்துக்குக் கடை. உள்ளே சாவி வெட்டும் இயந்திரம், ஆணிகளில் கொத்துக் கொத்தாகத் தொங்கும் வெட்டாத சாவிகள், ஒரு முக்காலி. இயந்திரம் ஓட ஆரம்பித்தால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது. இருபது வருடமாக அதற்கு மேல் கத்திக் கத்தி, சாவிக்காரம்மாவுக்கு மெதுவாகப் பேசுவதே மறந்துவிட்டது. "சாப்பிட்டியா?" என்று தம்பியைக் கேட்டால் பக்கத்துக் கடைக்காரர் சண்டையை விலக்க எழுந்து வருவார்.

அந்தக் குரலுக்கு மதிப்பு இருந்த ஒரே இடம் மல்யுத்தக் கொட்டகை. பழைய கிடங்கு ஒன்றில், மாதத்தின் முதல் ஞாயிறு சாயங்காலம், ஒரு சின்னக் கம்பெனி நடத்தும் ஆட்டம். யார் ஜெயிப்பார், யார் மண்ணைக் கவ்வுவார் என்பது முன்பே பேசி வைத்தது. அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் போவார்கள். "முடிவுதான் பேசி வெச்சது. விழற அடி விழத்தான் செய்யுது" என்பான் சாவிக்காரம்மாவின் தம்பி. முடி வெட்டும் கடை வைத்திருப்பவன். கண்ணாடியில் பார்த்துப் பார்த்தே ஆளை எடைபோடுகிற பழக்கம் உண்டு.

முன்வரிசை மூன்றாவது நாற்காலி சாவிக்காரம்மாவுடையது. அவருடைய எதிரி, வில்லனாக ஆடும் கருந்தேள். கறுப்பு உடை, முதுகில் தேள் படம், இடுப்பில் ஒரு பொட்டலம் பொடி. நடுவர் அந்தப் பக்கம் திரும்பியதும் பொடியை எடுத்து, நல்லவனாக எதிர்த்து ஆடுபவன் கண்ணில் தூவுவான்.

"டேய் ஏமாத்துக்காரா! இடுப்புல பொடி வெச்சிருக்கான், பாருங்கய்யா!" என்று சாவிக்காரம்மா எழுந்து நின்று ஊளையிடுவார். அந்தக் குரலுக்காகவே காத்திருந்ததுபோலக் கொட்டகை முழுக்க ஊளை எழும். கருந்தேள் திரும்பி அவரைப் பார்த்து முஷ்டியை ஆட்டுவான். அவர் குடையை ஆட்டுவார். ஒன்பது வருடம் இப்படியே போனது. இருவரும் தனியாக ஒரு வார்த்தை பேசியதில்லை.

இந்த வருடம் ஜனவரியில், ஒரு மத்தியான வேளையில், கடை வாசலில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு ஓர் ஆள் நின்றான். கையில் பாதிச் சாவி.

"அக்கா, சாவி உடைஞ்சு மீதி பூட்டுக்குள்ளயே மாட்டிக்கிச்சு. வீடு பக்கம்தான். கொஞ்சம் வந்து பாக்கறீங்களா?"

புருவத்தில் இருந்த தழும்பைப் பார்த்ததும் சாவிக்காரம்மாவுக்குப் புரிந்துவிட்டது. கருந்தேள்! பகலில் லிஃப்ட் பழுதுபார்க்கிறவனாம். அவன் வீட்டுப் படிக்கட்டில் காய்கறிப் பையோடு அவன் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

"ஊர்ல இருக்கற லிஃப்டையெல்லாம் திறக்கத் தெரியும். சொந்த வீட்டைத் திறக்கத் தெரியாது. உள்ள வாங்கக்கா… உள்ள போக முடிஞ்சா" என்றாள்.

சாவிக்காரம்மா ரம்பத் தகட்டுத் துண்டைப் பூட்டுக்குள் விட்டு, உடைந்த முனையைப் பல்லைப் பிடுங்குவதுபோல வெளியே எடுத்தார். கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு அவனும் கடைக்கு வந்தான். அங்கே இரண்டு துண்டையும் சேர்த்து வைத்து அவர் புதுச் சாவி வெட்டிக் கொடுத்தார். அவன் தலையைக் குனிந்து, "ரொம்ப நன்றிக்கா" என்றான்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. அடுத்த ஆட்டத்தில் கருந்தேள் பொடி தூவினான். சாவிக்காரம்மா எழுந்தார், வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. அக்கா என்று கூப்பிட்டவனைப் பார்த்து எப்படி ஊளையிடுவது? எழுந்தது எழுந்தாயிற்று, சும்மா உட்கார முடியாது என்று கையைத் தட்டிவிட்டார்.

கொட்டகை ஒரு நிமிடம் குழம்பியது. இந்த அம்மாவே தட்டுகிறார் என்றால் ஏதோ காரணம் இருக்கும் என்று எல்லோரும் தட்டினார்கள்.

ஏப்ரலில், பொடி எப்போது வரும் என்று விசிலடித்துக் கேட்க ஆரம்பித்தார்கள். கண் எரிந்து தவித்த மின்னல் என்ற நல்லவனுக்காகப் பரிதாபப்பட ஒரு ஜீவன் இல்லை. அவன் நொந்துபோய் ஜூலையில் பெரிய கம்பெனி ஒன்றுக்குப் போய்விட்டான். பொடி தூவி அவனிடமிருந்து கருந்தேள் திருடிய சாம்பியன் பட்டம் என்ன ஆயிற்று என்று யாரும் கதையை முடிக்கவே இல்லை. செப்டம்பரில் மேடைக் கயிறு அறுந்தது. அக்டோபரில் பாதி நாற்காலி காலி.

டிசம்பர் ஆட்டத்தன்று மதியம் இரண்டு மணிக்கு வழக்கம்போல ரசிகர்கள் கொட்டகையில் கூடினார்கள். அந்த வருட ஆட்டங்களுக்கு மார்க் போடும் கூட்டம் அது. அதில் ஒரு விதி உண்டு. கம்பெனி முதலாளி மேடை ஓரத்தில் நடுவரின் விசிலை வாயில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். கடைசி மார்க் வாசிக்கும்வரை அதை எடுக்கக்கூடாது. கோபம் வந்தால் ஊதிக்கொள்ளலாம், பேசக்கூடாது.

ரசிகர்களில் ஒருவரான பஸ் கண்டக்டர்தான் மார்க் வாசிப்பவர். "போன வருஷம் பத்துக்கு ஆறரை. இந்த வருஷம்…" செருமினார். "மூணு."

பீப்.

"ஊதி என்ன புண்ணியம் முதலாளி? பட்டத்தைத் திருடினான், சரி. எங்க வெச்சான்? என் பொண்டாட்டி இன்னிவரைக்கும் கேக்குறா" என்றார் கண்டக்டர்.

பீப், பீப்.

"கயிறு அறுந்ததுகூடப் பரவால்ல" என்றான் சாவிக்காரம்மாவின் தம்பி. "அன்னிக்குத்தான் நிஜமாவே பயந்தோம். நான் அதுக்கு அஞ்சு போட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். சாவிக்காரம்மா மட்டும் குடைக்கம்பியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"மொத்தத்துல கருந்தேள் சரியில்ல" என்று கண்டக்டர் முடித்தார். "மூஞ்சில இருந்த வில்லத்தனமே போயிடுச்சு."

முதலாளி விசிலை எடுத்தார். "நீங்க சொன்னதுதான் என் முடிவும். இன்னிக்குச் சாயங்காலம்தான் அவனுக்குக் கடைசி ஆட்டம். கைதட்டு வாங்கற வில்லனை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? அவன்கிட்ட இன்னும் சொல்லல. ஆட்டம் முடிஞ்சு சொல்லணும்."

சாவிக்காரம்மா எழுந்து நின்றார்.

"அவன் மேல தப்பில்ல. என் மேலதான்" என்றார். இருபது வருடத்தில் முதல்முறையாக மெதுவாகப் பேசினார்.

"என்னக்கா, உடம்பு சரியில்லையா?" என்று தம்பி பதறினான்.

அவர் உடைந்த சாவியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்ததும் கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "அடப் பாவமே! நீங்க தட்டினீங்கன்னுதானே நான் தட்டினேன்? ஏதோ கதையில திருப்பம்னு நெனச்சேன்!"

"ஒரு பூட்டுக்காக எனக்கு ஒரு வருஷமே போச்சாம்மா?" என்றார் முதலாளி.

"இன்னிக்கு ஆட்டத்தைப் பாருங்க. அப்புறம் முடிவு பண்ணுங்க. அதுவரைக்கும் வாயைத் திறக்காதீங்க."

முதலாளி விசிலை மறுபடி வாயில் வைத்துக்கொண்டார்.

ஐந்து மணிக்கு ஆட்டம். புது நல்லவன் ஒரு பையன். கருந்தேள் அவனைக் கயிற்றில் சாய்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தான். பின்னாலிருந்து வழக்கம்போல விசில் பறந்தது, கைதட்டல் எழுந்தது. சாவிக்காரம்மா எழுந்தார். நெஞ்சில் காய்கறிப் பையும் படிக்கட்டும் "நன்றிக்கா"வும் வந்து நின்றன. வாய் ஒட்டிக்கொண்டது. முன்வரிசை முழுக்க அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு கையைத் தொடை மேலேயே வைத்திருந்தது.

முன்வரிசை தட்டாததால் பின்வரிசையும் மெல்ல அடங்கியது. அந்த அமைதியில்தான் கொட்டகையின் கடைசி மூலையிலிருந்து மெல்லிசாக ஓர் ஊளை கேட்டது. ஒரே ஒரு ஆள்.

சாவிக்காரம்மா திரும்பிப் பார்த்தார். கருந்தேளின் மனைவி. நாற்காலி மேல் ஏறி நின்று, இரண்டு கையையும் வாயருகே குவித்து, புருஷனைப் பார்த்து ஊளையிட்டுக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் இருந்தவர் உரக்க, "இந்தம்மா வருஷம் முழுக்க இப்படித்தான்யா. நம்ம கைதட்டல்ல கேக்கல" என்றார்.

அவ்வளவுதான். சாவிக்காரம்மாவின் தொண்டையில் இருபது வருட இயந்திரச் சத்தம் ஒன்றாகக் கிளம்பியது.

"டேய் ஏமாத்துக்காரா! தேளு! கையை வெளிய எடுடா! இவ்ளோ பெரிய உடம்பை வெச்சுக்கிட்டுப் பொடி தூவறியே, வெக்கமா இல்ல?"

கொட்டகைக் கூரை அதிர்ந்தது. தம்பி ஊளையிட்டான், கண்டக்டர் பயணச்சீட்டுக் கட்டை மேடையை நோக்கி வீசினார், பின்வரிசை எழுந்து நின்றது. கருந்தேள் பொடியும் கையுமாக அப்படியே நின்றான். பதினொரு மாதமாகத் தொலைத்த எதையோ கண்டவன்போல ஒரு விநாடி அவன் முகம் நெகிழ்ந்தது. அடுத்த விநாடி பல்லைக் கடித்துக்கொண்டு கீழே குதித்து வந்தான். சாவிக்காரம்மாவின் கையிலிருந்த குடையைப் பிடுங்கி, முழங்காலில் வைத்துப் படக்கென்று ஒடித்தான்.

மூலையில் முதலாளியின் விசில் நிற்காமல் அலறியது. அது கோபத்தில் ஊதியது இல்லை என்பது கண்ணைத் துடைத்த விதத்திலேயே தெரிந்தது. கருந்தேளிடம் சொல்ல வேண்டியதை அவர் அன்று சொல்லவில்லை. பிறகும் சொல்லவில்லை.

அந்த ஆட்டத்துக்குக் கண்டக்டர் ஒன்பது மார்க் போடலாம் என்றார். சாவிக்காரம்மா எட்டுக்கு மேல் சம்மதிக்கவில்லை. "பொடி தூவ ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டான்" என்றார். அதைச் சேர்த்தும் வருட மார்க் மூன்றரையைத் தாண்டவில்லை. மோசமான வருடம் மோசமான வருடம்தான்.

நான்கு நாள் கழித்து, கடையில் கூட்டமாக இருந்த நேரத்தில், கருந்தேள் ஒரு புதுக் குடையோடு வந்து நின்றான். வாயைத் திறந்து "அக்" என்பதற்குள் இயந்திரத்தையும் மீறி அவர் குரல் எழுந்தது.

"ஏமாத்துக்காரனுக்கு இங்க என்னடா வேலை?"

வரிசையில் நின்றவர்கள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். அவன் புருவத்தை நெரித்தான், முஷ்டியை ஆட்டினான், குடையைப் பலகை மேல் வீசிவிட்டு விறுவிறுவென்று நடந்தான். சந்து முனையில் திரும்பும்போது அவன் தோள்கள் சிரிப்பில் குலுங்குவதை அவர் பார்த்தார்.

இதைப் படித்தவர்கள் உங்களுக்குத் தெரிந்த நாலு பேரிடம் சொல்லுங்கள். முதல் ஞாயிறு ஆட்டத்துக்குப் போகிறவர்களாக இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். கருந்தேளை வழியில் பார்த்தால் மட்டும், நன்றாக ஆடுகிறாய் என்று யாரும் கையைப் பிடித்துக் குலுக்கிவிடாதீர்கள். வாயாரத் திட்டிவிட்டுப் போங்கள்.