திருட்டுப் பிரிண்டும் டவுன் பஸ்ஸும்

தியேட்டர் மேனேஜர் வேலைங்கிறது, ஊரே போன்ல பார்த்து முடிச்ச படத்துக்கு டிக்கெட் கிழிக்கிற வேலை. இதே தொழிலில் வயிறெரிஞ்சு உக்காந்திருக்கிற கூட்டாளிகளே, உங்களுக்குச் சொல்லவா வேணும். தீபாவளிப் படம் ரெண்டு வாரம் ஓடலைன்னா தியேட்டரைக் கல்யாண மண்டபமாக்கிருவேன்னு முதலாளி சொல்லிட்டாக. அம்பது வயசுல எனக்கு வேற என்ன வேலை தெரியும்? படம் போடத் தெரியும். மதியக் காட்சியில, வாசலுக்கு டவுன் பஸ் வந்ததும் மைக்குல சொல்லத் தெரியும். சொல்லலைன்னா வெளியூர்க்காரக அடுத்த படத்துக்கு வரமாட்டாக.

அரை டிக்கெட்

ரிலீஸான மறுநாள் ராயப்பன்பட்டியிலிருந்து ஒரு குடும்பமே வந்து நின்னாக. பிழைச்சோம்னு டிக்கெட் புக்கை எடுத்தேன். வந்த அக்கா போனை நீட்டுனாக. அதுல நம்ம படம் பாதியில நின்னு சுத்திக்கிட்டே இருந்துச்சு.

"இடைவேளைக்குப் பிறகு வரமாட்டேங்குதுண்ணே. மிச்சத்துக்கு மட்டும் அரை டிக்கெட் போடுவீகளா?"

எல்லை தாண்டுன ஜீப்

கேரளாவுக்கு ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏத்திப் போற ஜீப்புல டிரைவர் இந்தப் படத்தை ஓட்டுறான்னு தெரிஞ்சது. வண்டியை மறிச்சு, வெக்கமா இல்லையாடான்னு கேட்டேன். அவன் நிதானமா வெத்தலையைத் துப்பிட்டுச் சொன்னான்:

"செக்போஸ்ட் தாண்டித்தான் போடுறேண்ணே. இங்கன உள்ள கேசு அங்கன செல்லாதுல்ல?"

ஒரு எழுத்து

படத்தை ஏத்துன வெப்சைட் மேல புகார் குடுக்க ஸ்டேஷனுக்குப் போனேன். ஏட்டையா மரியாதையா உக்கார வச்சு, குற்றவாளி பேரு, அப்பா பேரு, கதவு எண் கேட்டாக. வெப்சைட்டுக்கு ஏதுய்யா அப்பா? அப்புறம் மேலிடத்துக்கு எழுதி, சைட்டை முடக்கவும் செஞ்சாக, குறை சொல்லக்கூடாது. மறுநாளே பேருல ஒரு எழுத்தைக் கூட்டிக்கிட்டு அது திரும்ப வந்துருச்சு. ஓடிப்போய்ச் சொன்னேன்.

"அது வேற சைட்டுல்ல? அப்ப வேற புகார் எழுதுங்க."

ஆதாரம்

ரெண்டாவது புகாருக்கு ஆதாரம் வேணும்னு படத்தை ஸ்டேஷன் கம்ப்யூட்டர்ல இறக்குனாக. சரிபார்க்கணும்னு முழுசாப் பார்த்தாக. எனக்கும் ஒரு டீ வந்துச்சு. கிளைமாக்ஸ்ல ஹீரோவோட அம்மா உசிருக்குப் போராடுது, ஸ்டேஷன் ரைட்டர் கண்ணைத் துடைச்சுக்கிறாக. அப்பப் பார்த்துப் படத்துக்குள்ள இருந்து ஒரு குரல்: "காமயகவுண்டன்பட்டி டவுன் பஸ் வந்திருச்சு, போறவுக எந்திரிங்க."

என் குரல். எவனோ ஒருத்தன் என் தியேட்டர்ல, நான் கிழிச்சுக் குடுத்த டிக்கெட்டுல உக்காந்து எடுத்திருக்கான். விநியோகஸ்தர் அன்னிக்கே படத்தை நிறுத்திட்டாக. கேசு என் மேல பாஞ்சது. எடுத்தவனை விட்டுட்டு என்னையப் பிடிக்கிறீகளேன்னு கேட்டேன். ஏட்டையாவுக்கும் சங்கடம்தான்.

"கோவிச்சுக்காதீக மேனேஜர். இந்தக் கேசுல பேரு, அப்பா பேரு, கதவு எண் எல்லாம் உள்ள ஆளு நீங்க ஒருத்தர்தான்."

படத்தைத் திருடுனவன் எந்தத் தேசத்துல எந்தப் பேருல இருக்கானோ, நான் வாரம் ஒருக்க ஸ்டேஷன்ல கையெழுத்துப் போட்டுட்டு வந்து, அதே கட்டடத்துல அதே மைக்கைப் பிடிச்சு, "அடுத்த பந்தி ரெடி, சாப்பிடாதவுக வாங்க"ன்னு கூப்பிட்டுக்கிட்டு இருக்கேன்.