மாங்காய் புட்டாவின் நுனி எங்கே போகிறது?

1. கீபோர்டின் மேல் ஒரு புடவை

புகார்கள் எங்களுக்குப் பெரும்பாலும் போனில்தான் வரும். அன்று ஏகாம்பரம் முதலாளி நேரிலேயே வந்து, அரக்கு நிறப் பட்டுப்புடவை ஒன்றை என் கீபோர்டின் மேல் விரித்தார். ஆரணியில் பல வீடுகளுக்குப் பாவு நூல் கொடுத்து நெய்ய வைக்கிறவர் அவர். அந்தத் தறிகளில் இருக்கும் எலக்ட்ரானிக் ஜக்கார்டு பெட்டிக்கு நாங்கள்தான் சாப்ட்வேர் எழுதுகிறோம். நெய்பவர் மிதியை அழுத்தினால், பெட்டி டிசைன் கோப்பிலிருந்து அடுத்த வரியைப் படித்து, அதற்குரிய இழைகளைத் தூக்கிக் கொடுக்கும்.

"பாருங்க மேடம். இந்த மாங்கா முழுசா கீது. இதுவும் சரியா கீது. இத பாருங்க, நுனியையே காணோம்."

உண்மைதான். ஜரிகையில் நெய்த மாங்காய் உருவத்தின், அதாவது புட்டாவின், வளைந்த நுனியை யாரோ கத்தரித்தது போல இருந்தது.

"தேவகி தறிதான். போன பொடவையும் இப்படியே ஆச்சு. மத்தவங்களுக்கு வரலியே? பராக்கு பாத்துகினே நெய்யுது போல. இன்னொரு பொடவ இப்படி வந்தா பெட்டியக் கழட்டி வேற வீட்டுக்குக் குடுத்துடுவேன். புட்டா வேலைக்கு அந்தக் கை ஆவாதுன்னு தெருவுக்கே சொல்லிட்டேன்."

அவர் போனதும் எங்கள் மேலாளர் பாஸ்கர் எட்டிப் பார்த்தார். "மேடம், நமக்கு எதுக்கு பேஜாரு? நெசவு செய்றவங்க தப்புன்னு போட்டு ஜல்தியா இந்தப் புகார் டிக்கெட்ட மூடிடுங்க."

மூடியிருக்கலாம். எனக்குத்தான் உள்ளே அரிக்க ஆரம்பித்துவிட்டது. பராக்கு பார்க்கிறவருக்குப் பிழை எங்கே வேண்டுமானாலும் விழும். அடியில் விழும், நடுவில் விழும். இதுவோ நுனியை மட்டும் தேடிப் பிடித்துத் தின்கிறது. இவ்வளவு ஒழுங்காகத் தப்பு செய்வது மனிதர் வேலையாகத் தெரியவில்லை.

2. எங்கே காலை எடுக்கிறார்?

பெட்டியின் பதிவுகளைப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. சாப்ட்வேரைச் சோதிக்கும் டெஸ்ட்டுகளை ஓட்டினேன், எல்லாம் பச்சை, அதாவது பாஸ். சரி, ஆபீஸில் உட்கார்ந்து ஜோசியம் பார்ப்பதில் பயனில்லை என்று தேவகி வீட்டுக்கே போனேன்.

நாற்பது வயது இருக்கும் அவருக்கு. என்னைப் பார்த்ததும் முகம் இறுகிவிட்டது. "பெட்டிய எடுத்துகினு போவ வந்தீங்களா?"

"இல்லம்மா. நீ நெய்யறதப் பாக்கணும், அவ்ளோதான்."

நம்பவில்லை. ஆனாலும் ஸ்டூலை என் பக்கம் தள்ளிவிட்டு நெய்யத் தொடங்கினார். கையும் காலும் அவ்வளவு சீராக ஓடின. புடவையின் நல்ல பக்கம் கீழே இருப்பதால் புட்டாவில் குறை விழுந்தாலும் உடனே தெரியாது. அடுப்பில் குக்கர் கூவியபோது எழுந்து போவார் என்று நினைத்தேன். போகவில்லை. இன்னும் கொஞ்சம் நெய்துவிட்டுத்தான் எழுந்தார். மறுபடி போன் அடித்தது. அப்போதும் அப்படியே.

"ஏம்மா, கூப்பிட்ட உடனே எழுந்துக்க மாட்டியா?"

"நட்ட நடுவுல வெறும் பட்டுல நிறுத்தினா, திரும்ப ஆரம்பிக்கற எடத்துல கோடு தெரியும்க்கா. மாங்கா நுனி வரைக்கும் வந்து நிறுத்தினா ஜரிகைல மறைஞ்சிடும். நான் எப்பவும் அங்கதான் காலை எடுப்பேன்."

எனக்குச் சிலிர்த்துவிட்டது. டிசைன் கோப்பின் கடைசி வரிகள்தான் மாங்காயின் நுனி! ஒவ்வொரு மாங்காய்க்கும் பெட்டி அந்தக் கோப்பை முதலிலிருந்து படிக்கும். கோப்பு முழுவதும் ஒரேயடியாக வராது, துண்டு துண்டாக வரும். அதைத்தான் ஸ்ட்ரீம் என்கிறோம். சற்று நேரம் மிதி அசையாவிட்டால் பெட்டி அந்த ஸ்ட்ரீமை நிறுத்தி வைக்கும். தேவகி நிறுத்துவது எப்போதும் கடைசித் துண்டில். தெருவில் பலர் கை ஓய்ந்த இடத்தில் நிறுத்துகிறவர்கள். கோடு விழுந்தாலும் அவர்களுடைய மாங்காய்க்கு நுனி இருந்தது. பார்த்துப் பார்த்து நெய்கிறவருக்குத்தான் கெட்ட பெயர். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

3. சிவப்பாகிற டெஸ்ட்

எங்கள் டெஸ்ட்டுகள் கோப்பை ஒரே மூச்சில் படிப்பவை. குக்கர் கூவாத டெஸ்ட்டுகள். புதிதாக ஒன்று எழுதினேன்: கடைசித் துண்டு வந்ததும் நிறுத்து, சும்மா இரு, மறுபடி தொடங்கு, வந்த வரிகளைக் கோப்போடு ஒப்பிடு. ஓட்டியதும் சிவப்பு. ஒரு பிழையைக் கண்டு இவ்வளவு சந்தோஷப்படும் தொழில் வேறு இருக்குமா தெரியவில்லை.

எங்கள் நிரலில் தப்பு இல்லை. அதை ஓட்டுகிற ரன்டைமில் இருந்தது. உலகமெங்கும் பலர் சேர்ந்து பராமரிக்கிற இலவச ரன்டைம் அது. கடைசித் துண்டு இன்னும் கையில் இருக்கும்போதே, 'கோப்பு முடிந்தது' என்ற சேதியை முந்திக்கொண்டு அனுப்பிவிடுகிறது. பெட்டி அதை நம்பி அடுத்த மாங்காய்க்குப் போய்விடுகிறது. துண்டைக் கொடுத்த பிறகே சேதியைச் சொல்லும்படி வரிசையை மாற்றினேன். டெஸ்ட் பச்சையானது. திருத்தம், டெஸ்ட் இரண்டையும் சேர்த்து ரன்டைமைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்பினேன். பராமரிப்பவர்களில் ஒருவர், போயும் போயும் அந்த இடத்தில் யார் நிறுத்துவார்கள் என்று கேட்டிருந்தார். ஒரு மாங்காய் படத்தை அனுப்பி விளக்கினேன். ஏற்றுக்கொண்டார்கள்.

இளையவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: டெஸ்ட் எழுதும் முன், பயன்படுத்துகிறவர் எங்கே நிறுத்துவார் என்று போய்ப் பாருங்கள்.

புதிய சாப்ட்வேரைப் போடும் முன், ஏகாம்பரம் முதலாளியைத் தேவகி வீட்டுக்கு வரச் சொன்னேன். அவரும் ஒரு காலத்தில் நெய்தவர். பழைய சாப்ட்வேர் ஓடும் தறியிலேயே அவரை உட்கார வைத்து, "உங்க வழக்கப்படி நெய்ங்க. எழுந்துக்கணும்னா எங்க நிறுத்துவீங்களோ அங்க நிறுத்துங்க" என்றேன். நெய்தார். நுனி தொடங்கும் இடத்தில் காலை எடுத்தார். காபி குடித்தோம். மறுபடி மிதித்துக் கொஞ்ச தூரம் போனதும், அடியில் கண்ணாடியைப் பிடித்துக் காட்டினேன்.

மாங்காய்க்கு நுனி இல்லை.

கண்ணாடியைத் தன் கையில் வாங்கி இன்னொரு முறை பார்த்தார். "அடுத்த பாவும் உனக்குத்தான் தேவகி" என்றார் மெதுவாக.

"பாவு இருக்கட்டும் மொதலாளி. என் கை ஆவாதுன்னு தெருவெல்லாம் சொன்னீங்களே, அத யாரு போய் மாத்துறது?"

டிக்கெட்டை மூடியிருந்தால் அந்தப் பேச்சில் நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன். முதலாளி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தேன். எதிர்வீட்டு வாசலில் அவர் குரல் கேட்டது.

"யம்மா, தேவகி மேல தப்பு இல்ல. பெட்டிலதான் கோளாறு. நான்தான் தெரியாம பேசிட்டேன்."

பிறகு அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. தேவகி தறியைத் தொடவில்லை. அந்தக் குரல் தெருக்கோடி வரைக்கும் போய்ச் சேரும்வரை வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.