துபாயிலிருந்து மங்கலம்பேட்டை வாசல் வரை

விருத்தாசலம் பாலக்கரையில் ஒரு டிராவல்ஸில் டிக்கெட் போடுவது என் வேலை. பிரசவ விடுப்பு முடிந்து திரும்பிய வாரம் அது. பாப்பாவுக்குக் காய்ச்சல். மாமியாரிடம் மருந்தின் அளவைச் சரியாகச் சொன்னேனா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, மங்கலம்பேட்டையில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சலீம் உள்ளே வந்தார். அன்று காலை அவருடைய அம்மா இறந்துவிட்டார். அண்ணன் துபாயில். உடனே டிக்கெட் வேண்டும்.

அவர்கள் அன்றைக்கே அடக்கம் செய்துவிடுவதுதான் வழக்கம். மூத்த மகன் முகம் பார்க்க வேண்டும் என்பதற்காக ஜமாத்தில் மறுநாள் லுஹர் தொழுகை வரை, பகல் ஒன்றரை மணி வரை, பொறுக்கச் சம்மதித்திருந்தார்கள். அதற்குமேல் இல்லை.

"நாலு மணி நேரந்தான்னு அண்ணன் போன்ல பாத்துட்டாங்க. சென்னை ஃப்ளைட்டு காலையில எட்டு மணிக்கு எறங்கிடுதாம். அதையே போட்டுடுங்க மேடம்."

நாலு மணி நேரம் சரிதான். ஆனால் அது வானத்தில் இருக்கும் நேரம். இமிக்ரேஷன், பெட்டி, தாம்பரம் தாண்டும்வரை நெரிசல், பிறகு உளுந்தூர்பேட்டை வரை நீளமான ரோடு. கூட்டினால் ஒன்றரையைத் தாண்டிவிடும். திருச்சி ஃப்ளைட் பத்து மணிக்குத்தான் இறங்கும். ஆனால் அங்கிருந்து ரோடு குறைவு, ஒரு மணிக்குள் வந்துவிடலாம். மூன்று முறை கூட்டினேன். ஒவ்வொரு முறையும் எதையோ விட்டுவிட்டதாகவே பட்டது.

திருச்சிக்கே போடலாம் என்றேன். லேட்டாக இறங்குகிற ஃப்ளைட் எப்படி முன்னாடி வந்து சேரும் என்று கேட்டார். விளக்கினேன். சரி, போடுங்கள் என்றார்.

"நீங்க சொல்ற நேரத்ததான் ஜமாத்துல சொல்லப்போறேன்."

நான்காவது முறையாகக் கூட்டிப் பார்த்தேன்.

டிக்கெட் போட்ட பிறகுதான் பெட்டி ஞாபகம் வந்தது. வளைகுடாவிலிருந்து மங்கலம்பேட்டைக்குப் பெட்டி இல்லாமல் யாரும் வந்து நான் பார்த்ததில்லை. ஏர்போர்ட்டில் பெட்டி வரும் பெல்ட் பக்கத்தில் காத்து நின்றால் அரைமணி நேரம் போய்விடும். பெட்டி வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். சலீம் அங்கேயே ஸ்பீக்கரில் அழைத்தார்.

"அம்மாவுக்குன்னு ஒரு கம்பளி வாங்கி வச்சிருந்தேன்டா" என்றது அண்ணன் குரல்.

சலீம் என்னைப் பார்த்தார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன்.

"வெறுங்கையோட வாங்கண்ணே."

மறுநாள் ஃப்ளைட் இருபது நிமிடம் லேட். அந்த இருபது நிமிடத்தை நான் எங்கேயும் சேர்த்திருக்கவில்லை. சலீமிடம் சொல்வதா வேண்டாமா என்று குழம்பி, கடைசியில் சொல்லிவிட்டேன். அதன் பிறகு டிபன்பாக்ஸைத் திறக்கவே இல்லை. இரண்டு மணிக்கு மேல் அவரே அழைத்தார்.

"தொழ வெக்கறதுக்கு முன்னாடி வந்துட்டாங்க மேடம். மொகத்த பாத்துட்டாங்க."

போனை வைத்ததும் வீட்டுக்கு அழைத்துக் காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஸ்கிரீனில் தெரிவது விமானத்தின் நேரம். கஸ்டமர் கேட்பது வாசலிலிருந்து வாசலுக்கு. எந்த ஊர், எந்த ரோடு, பெட்டி உண்டா, எதற்காகப் போகிறார் என்று கேட்காமல் நேரம் சொல்லாதீர்கள்.

சில வாரம் கழித்து அந்த அண்ணனே திரும்பிப்போக டிக்கெட் எடுக்க வந்தார். எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பவேண்டும், வழியில் எங்கே நிற்கக்கூடாது என்று நான் படபடவென்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"மெதுவா போய்க்கலாங்க மேடம். போறதுக்கு என்ன அவசரம்."