மாவு மில் அழகேசனும் புது ஏர் ஃபில்டரும்

கார் பானெட்டைத் தூக்குவதற்கு முன் அழகேசன் முதலில் தன் மூக்கைத் துண்டால் கட்டிக்கொள்வார். காது வைத்த நட்டைத் திருகி, வட்டத் தகர மூடியைத் திறந்து, இன்ஜினுக்குப் போகும் காற்றை வடிகட்ட உள்ளே வளையமாக உட்கார்ந்திருக்கும் ஏர் ஃபில்டரை இரண்டு கையாலும் வெளியே எடுப்பார். அவருடைய மாவு மில்லில் தேய்ந்து கழித்த பழைய மாவுக்கல் ஒன்று வாசலில் கிடந்தது. அதன் மேல் ஃபில்டரை லொட்டு லொட்டென்று தட்டுவார். கிளம்பிய புழுதி முழுவதும் அவர் தலையிலேயே இறங்கும். தட்டி முடித்ததும் அதே ஃபில்டரை அதே இடத்தில் திரும்ப வைத்து, "சர்வீஸ் முடிஞ்சிது" என்று வீட்டுக்குள் பார்த்துச் சத்தம் கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமை தவறினாலும் இது தவறாது.

அரியலூரில் புழுதிக்குப் பஞ்சம் கிடையாது. சுண்ணாம்புக்கல் லாரிகள் அவர் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். கார் வைத்திருக்கும் மற்றவர்கள் அடிக்கடி ஏர் ஃபில்டரை மாற்றிக்கொண்டிருந்தார்கள். அழகேசன் மாற்றவில்லை. ஃபில்டர் இல்லாமல் அல்ல. பெரம்பலூர் வக்கீல் ஒருவரிடம் அந்தப் பழைய அம்பாசிடரை வாங்கிய கையோடு, திருச்சிக்குப் போய்ப் புது ஃபில்டரும் வாங்கி வந்துவிட்டார். அது சாமி படங்களுக்குப் பக்கத்தில் உறை பிரிக்காமல், ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமத்தோடு ஆணியில் தொங்கியது.

"அதைப் போட வேண்டியதுதானேங்க?" என்று மனைவி அம்மாக்கண்ணு கேட்டால், "போட்டா பழசாயிடும்ல?" என்பார்.

மழை வந்தால் புதுக்குடையைச் சட்டைக்குள் பத்திரமாகச் செருகிக்கொண்டு நனைந்து வருகிற மனிதர் அவர். மகள் சிந்தாமணியின் கல்யாணத்துக்கு எடுத்த பட்டு வேட்டியைக் கல்யாணத்தன்று இடுப்பில் கட்டாமல் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். இதைவிட நல்ல நாள் ஒன்று வருமாம். வெளியூர்ப் பயணம் என்றால் மட்டும் புது ஃபில்டர் ஆணியிலிருந்து இறங்கி அம்மாக்கண்ணு மடியில் ஏறும். "வழியில ரிப்பேரானா வேணுமில்ல?" என்பது அவர் கணக்கு. வழியில் ரிப்பேர் ஆகும். அப்போதும் அது மடியை விட்டு இறங்காது.

புழுதியைத் தடுக்க அவருக்கு வேறு வழி தெரிந்திருந்தது. மில்லில் மாவு கொட்டும் வாயில், மாவு பறக்காமல் இருக்க நீளமாகத் துணிக்குழாய் கட்டுவார்கள். வாழ்நாள் முழுதும் அந்தத் துணிக்குப் பக்கத்தில் நின்றவர் அழகேசன். "துணியக் கட்டுனா மாவே வெளிய வரமாட்டேங்குது, புழுதி எப்படிங்க உள்ள போவும்?" என்று ஊரைக் கேட்டார். மில்லில் கழித்த துணி ஒன்றை, ஒட்டியிருந்த மாவைக்கூட உதறாமல், பழைய ஃபில்டரைச் சுற்றிக் கட்டிவிட்டார்.

கார் இருமத் தொடங்கியது. "பார்த்தியா, எங்கேயோ ஓட்டை இருக்கு, தூசி போவுது" என்று அதற்கு மேல் தன் பனியனைச் சுற்றினார். கார் இன்னும் இருமியது. இன்னொரு சுற்று. ஆடிக்காற்று அடங்குவதற்குள் பானெட் மூடாத அளவுக்கு உள்ளே மூட்டை பருத்துவிட்டது. பானெட்டைக் கயிற்றால் கட்டினார். சிறுவாச்சூர்க் காளி கோயிலுக்குப் போனபோது மேடு வந்த இடமெல்லாம் கூட வந்த சனங்கள் இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. அவரைத் தவிர்த்தால், கடைசிவரை சொகுசாக உட்கார்ந்து போய்ச் சேர்ந்தது அந்தப் புது ஃபில்டர் மட்டும்தான்.

இப்படியே போயிருந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றில் சிந்தாமணி உண்டானாள். வளைகாப்பு முடிந்து, பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துவர ஒரு புதன்கிழமையைக் குறித்தார்கள். ஜெயங்கொண்டத்தில் முந்திரி மண்டி வைத்திருந்த சம்பந்தி முருகையன் நேரிலேயே சொல்லிவிட்டார்: "புள்ளத்தாச்சிய பஸ்ல அனுப்ப மாட்டேங்க. பன்னெண்டு மணி ராகுகாலத்துக்கு முன்னாடி உங்க கார் வந்துச்சுன்னா கூட்டிட்டுப் போங்க. வரலேன்னா தலைப்பிரசவம் எங்க வூட்லயே ஆவட்டும்."

தலைப்பிரசவத்தை மாமியார் வீட்டில் பார்க்க விட்டார்கள் என்ற பேச்சு வந்தால் அழகேசன் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு மில்லைத் திறப்பார்? அந்த வாரம் முழுவதும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. கவலை தாங்காமல் காருக்கு இன்னொரு சுற்றுத் துணி சுற்றினார்.

புதன்கிழமை காலை பலகாரக் கூடைகள் ஏறின. புது ஃபில்டரை மடியில் வைத்துக்கொண்டு அம்மாக்கண்ணுவும் ஏறினாள். கார் உறுமியது, கன்னங்கரேலென்று புகை விட்டது, வாசல் மாவுக்கல்வரை போய் நின்றுவிட்டது. சாவியைத் திருப்பத் திருப்ப முனகலோடு சரி. தெரு கூடிவிட்டது. அழகேசன் இறங்கிப் போய்ப் பானெட்டைத் திறந்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்தார்.

"அதையும் கட்டப் போறீங்களா?" என்று கேட்டபடி இறங்கி வந்த அம்மாக்கண்ணு, ஃபில்டரை அவர் கையில் திணித்துவிட்டு மூட்டையை அவிழ்க்க ஆரம்பித்தாள். "இது உங்க பனியன். இது தலகாணி உறை. ஏங்க, இது என் பச்சைப் பாவாடையில்ல? காத்துல பறந்துடுச்சுன்னீங்களே!"

"நல்ல காரியத்துக்குத்தானே போயிருக்கு" என்றார் அழகேசன், தெருவைப் பார்க்காமல்.

கடைசியில் மில் துணி வந்தது. அதிலிருந்த கோதுமை மாவும் கேழ்வரகு மாவும் மழை ஈரத்தில் பிசைந்து, இன்ஜின் சூட்டில் வெந்து, ஃபில்டரின் மேல் ஒரு சுற்று அடையாகப் படிந்திருந்தது. அம்மாக்கண்ணு பிய்த்து எறிந்த துண்டைப் பக்கத்து வீட்டு ஆடு முகர்ந்து பார்த்துவிட்டுத் தின்னத் தொடங்கியது.

"இதையே சுரண்டிட்டுப் போட்டா என்ன?" என்று அழகேசன் இழுத்தார்.

"கையில என்ன வெச்சிருக்கீங்க?"

"இது புதுசு, அம்மாக்கண்ணு."

"இருக்கறது ஒத்தப் பொண்ணு. இதுக்கு மேல எந்த நல்ல நாளு வரணும் உங்களுக்கு?"

அவர் பதில் சொல்வதற்குள் உறையைப் பல்லால் கடித்துக் கிழித்துவிட்டாள். அந்தச் சத்தத்துக்கு அழகேசன் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு உள்ளே போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி வந்து, ஃபில்டர் உட்காரும் தகரக் கிண்ணத்தைத் துடைத்து, புது ஃபில்டரை உள்ளே இறக்கினார். மூடியைப் போட்டு நட்டை முடுக்கினார்.

கார் ஒரே முறையில் கிளம்பிவிட்டது. இருமலும் முனகலும் இல்லாத அந்தச் சத்தம் அவருக்குப் பழக்கமில்லை. நின்றுவிட்டது என்று நினைத்து ஓடுகிற வண்டியின் சாவியை மறுபடி திருப்பி, அதைக் கத்த வைத்தார்.

ஜெயங்கொண்டத்தில் முருகையன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். ராகுகாலத்துக்கு இன்னும் நேரமிருந்தது. "ஓட்டிட்டு வந்தீங்களா, தள்ளிட்டு வந்தீங்களா?" என்றார்.

"ஓட்டிட்டுத்தாங்க" என்றாள் அம்மாக்கண்ணு. அவள் பாவாடையின் கதையை அங்கே சொல்லவில்லை. கைநிறைய வளையலோடு சிந்தாமணி காரில் ஏறியபோது அழகேசன் தானே கதவைப் பிடித்துச் சாத்தினார். பெற்ற மகள் தன் வண்டியில் தன் வீட்டுக்கு வருகிறாள்.

திரும்பும் வழியில், அரியலூர் நெருங்கும்போது, எதிரே சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று ரோட்டையே மறைக்கிற புழுதியோடு வந்தது. அழகேசன் காரை ஓரம் கட்டினார். தோளில் கிடந்த துண்டை உருவினார். அவர் கண் பானெட்டுக்குப் போயிற்று. அம்மாக்கண்ணு மூச்சைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"மூஞ்ச மூடிக்க தாயி" என்று துண்டைப் பின்சீட்டில் இருந்த சிந்தாமணியிடம் நீட்டினார். பிறகு காரும் மூச்சிழுக்காதபடி சட்டென்று சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்துவிட்டு, புழுதி அடங்கும்வரை தன் மூக்கையும் இரண்டு விரலால் இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.